முதல்தர நாக்கு

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பன் செருப்புத் தேய அலைவான்; அது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். நாக்குத் தேய அலைந்தவர் சிவனாண்டி ஒருத்தர்தான். விடிந்தும் விடியாமலும் எழுந்து, செம்புக் கம்பியை வளைத்து நாக்கை வழிப்பார். மத்தியானம் ஒரு தடவை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. ரத்தம் கசிகிற வரைக்கும் வழித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று 'ஆ' என்று நீட்டிப் பார்த்துக்கொள்வார்.

"காளி வந்த சாமியாடி மாதிரி நிக்கியளே, பாக்கச் சகிக்கலையே" என்று அவர் பெண்சாதி சொர்ணத்தாய் தலையில் அடித்துக்கொள்வாள்.

எல்லாம் அமுதச்சாறு உடல்தூய்மைச் சங்கத்தால் வந்த வினை.

சிவனாண்டிக்குக் கடம்பூருக்கு மேற்கே கரிசல் புஞ்சை. உளுந்து, மக்காச்சோளம், மழை முகம் கொடுத்தால் பருத்தி. மக்காச்சோளத்தைப் பன்றி தின்னும், பருத்தியைப் புழு தின்னும், மிச்சத்தை இவர் தின்பார். மனுசனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, பீடி கிடையாது. டீ ஒன்றுதான். வானம் பார்த்த பூமிக்காரன் சும்மா எவ்வளவு நேரம்தான் வானத்தைப் பார்ப்பான்? கையில் ஒரு கிளாஸ் டீயாவது வேண்டாமா? அதுவும் மகள் பொன்மணி இஞ்சி தட்டிப் போடுகிற டீ என்றால், புஞ்சையில் கிடை மறித்த ஆட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

பொன்மணிக்கு வயசு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பி.காம். படித்தவள். ஜாதகத்தில் செவ்வாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால் வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பியது. கடைசியில் அதே செவ்வாய் உள்ள ஒரு பையன் கிடைத்தான். சுடலைக்குமார், ஓசூரில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. போனில் பேசிப் பேசி அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பொம்பளைப் பிள்ளை தனியாக இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. சிவனாண்டிக்கு அது போதும். அந்தச் சிரிப்பைக் காப்பாற்ற அவர் என்னவும் செய்வார், எதையும் குடிப்பார்.

பையனின் அம்மா சுந்தரேஸ்வரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பெண் பார்க்க வந்த அன்று பொன்மணி தட்டில் டீ கொண்டுவந்து நீட்டினாள். சுந்தரேஸ்வரி, பாம்பைக் கண்ட மாதிரி காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"உள்ள எடுத்துட்டுப் போ தாயி. நாங்க நஞ்சு தொடமாட்டோம்."

சுடலைக்குமார் மட்டும், தாய்ப்பசுவை அவிழ்த்துக்கொண்டு போகும்போது கன்றுக்குட்டி பார்க்குமே, அப்படி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். நம் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சுந்தரேஸ்வரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பொண்ணைப் புடிச்சிருக்கு அண்ணாச்சி. நகை நட்டு நாங்க கேக்கல. ஒரே ஒரு காரியம். நம்ம சங்கத்துல நீங்க ஒரு வாரம் சாறு விரதம் இருக்கணும். சம்பந்தி ஒடம்பு சுத்தமா இருந்தாத்தான் நாளைக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு ரத்தம் சுத்தமா இருக்கும். விரதம் முடிஞ்சா ஆண்டு விழா மேடையில உங்களுக்குப் பொன்னாடை. அதே மேடையில நிச்சயதாம்பூலம் மாத்திக்கிடுவோம்."

நகை கேட்காத சம்பந்தி! சிவனாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். கேட்டிருந்தால் தேவலை என்று அப்போது அவருக்குத் தெரியாது, பாவம்.

சங்கம் இருந்தது கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில், மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீஸில். கந்தக வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. உறுப்பினர்களின் உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறுகிற வாசம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். காலையில் வெள்ளைப்பூசணிச் சாறு, வெயில் ஏறியதும் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் பீட்ரூட், சாயங்காலம் அருகம்புல், படுக்கப்போகுமுன் வாழைத்தண்டு. வாயில் பல் இருப்பதையே ஒரு வாரம் மறந்துவிட வேண்டும். சிவனாண்டி வீட்டு மாடு இதைவிட நன்றாகச் சாப்பிட்டது.

தலைவர் சோலைராஜ். சங்கம் தொடங்குமுன் பருத்திக்குப் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். முதல் நாள் கூட்டத்தில் அவர் மேடையில் வந்து உட்கார்ந்ததும், ஒரு தொண்டர் பயபக்தியோடு ஒரு கிளாஸ் டீயும் இரண்டு உளுந்த வடையும் கொண்டுவந்து வைத்தார். கூடம் முழுக்க வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த சனம் ஒரே குரலில் 'ஆகா' என்றது.

சிவனாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீயைப் பார்த்ததும் துணிச்சல் வந்து எழுந்து நின்றார்.

"ஐயா, நடுவுல நடுவுல ஒரு டீ குடிச்சிக்கிடலாமா?"

செயலாளர் நாற்காலியில் இருந்த சுந்தரேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். சோலைராஜ் மட்டும் கோபப்படவில்லை.

"நல்ல கேள்வி. மக்களே, ஒரு பானை பாலுல ஒரே ஒரு சொட்டு விஷம் விழலாமா?"

"கூடாது!"

"குடிக்கக்கூடிய கெணத்துல ஒரே ஒரு நாய் செத்து மிதக்கலாமா?"

"கூடாது!"

சோலைராஜ் கிளாஸை எடுத்து, சத்தம் கேட்க ஒரு வாய் உறிஞ்சினார்.

"பெறவு தலைவர் மட்டும் ஏன் குடிக்காருன்னு அண்ணாச்சி மனசுல ஓடுது. ஓடட்டும். நீங்க எல்லாரும் டீய விட்டுட்டிய. சரி, அந்த டீயெல்லாம் எங்க போவும்? மண்ணுல ஊத்துனா மண்ணு கெட்டுரும். ஓடையில ஊத்துனா மீனு செத்துரும். யாராவது ஒருத்தன் ஏத்துக்கிடணும்லா? பாற்கடல் கடைஞ்சப்ப வந்த விஷத்தைச் சிவபெருமான் ஏத்துக்கிட்டாரு. அவருக்குத் தொண்டையில நின்னுது. எனக்கு வயித்துக்குப் போயிருது. அவ்வளவுதான் வித்தியாசம்." வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இதுவும் அப்படித்தான்" என்றார்.

பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவரின் இந்தத் தியாகத்துக்கு 'விஷமேற்பு' என்று பெயர். தினம் மூன்று வேளை நடக்கும்.

"நான் முப்பது வருசம் பூச்சிமருந்து வித்தவன்" என்று அவர் தொடர்ந்தார். "பூச்சி செத்துச்சா? சாவல. பூச்சிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வெவசாயிக்கு மட்டும் தெரியல. மறுவருசமும் வந்து கடைவாசல்ல நின்னான். மருந்து மேல நம்பிக்கையா? கெடையாது. வெறுங்கையோட புஞ்சைக்குப் போவப் பயம். அந்தப் பயத்தை முத முதக் கண்டுபிடிச்சவன் நான். அதுலருந்து முளைச்சதுதான் இந்தச் சங்கம்!"

கைதட்டல் அடங்க நேரமானது. சிவனாண்டியும் தட்டினார். அவர் வருசா வருசம் மருந்து வாங்கியது சோலைராஜ் கடையில்தான்.

கூட்டம் முடிந்ததும் நாக்கு ஆய்வு. நாக்கு ஆய்வாளர் காளிராஜ் பருத்திக் கமிஷன் கடையில் பஞ்சைக் கிள்ளிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். நாக்கையும் அப்படித்தான் பார்ப்பார். டார்ச் அடித்து, கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்து, "முதல் தரம்", "ரெண்டாந்தரம்", "கழிவு" என்று கத்துவார். சிவனாண்டியின் நாக்கைப் பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டார்.

"ஏ அப்பா! நாக்கா இது? டீக்கடை அடுப்பங்கரைச் சுவரு மாதிரிலா இருக்கு!"

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் செம்புக் கம்பி.

சங்கத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரு நல்ல பெயர் உண்டு. தலை சுற்றினால் ஒளி ஏறுகிறது. வயிற்றால் போனால் வினை போகிறது. கை நடுங்கினால் உள்ளிருக்கும் நஞ்சு நடுங்குகிறது. யாராவது மயங்கி விழுந்தால் அது சரணாகதி. மற்றவர்கள் கைதட்ட வேண்டும். சிவனாண்டிக்கு ஒளி ஏறி ஏறி, பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வெயிலுகந்தம்மாள் பாகற்காய்ச் சாற்றை வாயில் வைத்தபடி சரிந்து விழுந்தாள். சர்க்கரை வியாதிக்காரி, மாத்திரையும் நஞ்சு என்று நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டித் தட்டிக் கை ஓய்ந்தபிறகுதான், அந்தம்மாள் எழுந்திருக்கவில்லை என்று யாரோ கவனித்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இங்கே அவசரக் கூட்டம் போட்டார்கள். குளுக்கோஸ் சாறா, நஞ்சா? காரசாரமாக விவாதம் நடந்தது. கடைசியில் சுந்தரேஸ்வரி தீர்மானம் வாசித்தாள்: "நரம்பு வழியாகச் செலுத்தப்படும் திரவம் நாவைத் தீண்டாத காரணத்தால், உறுப்பினரின் தூய்மைக்குப் பங்கமில்லை என இச்சங்கம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். வெயிலுகந்தம்மாளுக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. காளிராஜ் டார்ச்சோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நாக்கை நேராக நீட்ட முடியாததால் இரண்டாந்தரம் என்று சொல்லிவிட்டு வந்தார். நர்சு அவரை விளக்குமாற்றால் அடிக்க வந்தாளாம். சங்கத்தில் அதையும் தியாகமென்றே பேசிக்கொண்டார்கள்.

"ஏங்க, வேண்டாங்க. அந்தப் பொம்பளை கதி நமக்கும் வந்துராம" என்றாள் சொர்ணத்தாய்.

"இன்னும் நாலு நாளு. புள்ளைக்காவப் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துருதேன்" என்றார் சிவனாண்டி. பல்லைத் தவிர கடிக்க வேறெதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

பொன்மணி டீ போடுவதையே நிறுத்தியிருந்தாள். "நீங்க குடிக்காததை நான் மட்டும் எப்படிப்பா குடிக்க?" என்றாள். பிள்ளை என்றால் அது பிள்ளை.

விரதம் முடிய ஒருநாள்தான் பாக்கி. அன்றைக்குப் பார்த்து பக்கத்துப் புஞ்சைக்காரர் கருப்பசாமி செத்துப்போனார். சாகிறதற்கு அந்த மனுசனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. வரப்பில் நின்ற ஒரு உடைமுள் மரத்துக்காக இரண்டு பேருக்கும் வருசக்கணக்கில் பகை. ஒருத்தன் வீட்டுப் பச்சைத்தண்ணீரை ஒருத்தன் குடிக்கமாட்டான். சிவனாண்டியின் புஞ்சைக்குப் போகிற வண்டிப்பாதை கருப்பசாமி நிலத்துக்குள் கிடந்தது. ஆள் போய்விட்டான், இனிப் பாதையை விடுவதும் அடைப்பதும் மகன்மார் கையில்.

துஷ்டி விசாரிக்கப் போகாமல் இருக்கமுடியாது. போனார். கடம்பூரில் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலி போட்டிருந்தது. மூத்த மகன் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து, சிவனாண்டிக்கு முன்னால் வந்ததும் நின்றான். ஊரே இந்தக் கையைத்தான் பார்த்தது. வாங்கிக் குடித்தால் பகை செத்துப்போனவனோடு போயிற்று. வாங்காவிட்டால் செத்த பிறகும் வன்மம் என்று பேராகிவிடும். நாளைக் காலையில் பாதையில் முள் விழும்.

சங்கம் ஒரு கண்ணில் தெரிந்தது, வண்டிப்பாதை ஒரு கண்ணில் தெரிந்தது. கை தானாக நீண்டது.

முதல் வாய் உள்ளே போனது.

அடி ஆத்தி! என்னவென்று சொல்வது? ஒரு வாரப் பூசணிச் சாற்றுக்குப் பிறகு, சூடாக, இனிப்பாக, தொண்டையை நனைத்துக்கொண்டு இறங்கியது. சிவனாண்டிக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தேம்பினார். ஊதி ஊதி ஒரு வாய், தேம்பல் ஒன்று. கப் காலியானதும் இன்னும் பெரிதாக அழுகை வந்தது. மகன்காரன் மனசு உருகி இன்னொரு கப் நீட்டினான். அதையும் வாங்கி, கருப்பசாமியின் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு, விக்கி விக்கிக் குடித்தார்.

"பாத்தியளா, என்ன இருந்தாலும் மனசுக்குள்ள பாசம் இருந்திருக்கு!" என்றார் ஒருத்தர்.

"எங்க ஐயாவுக்காவ நாங்ககூட இப்படி அழலையே" என்று மகன்மார் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாதை நிரந்தரமாகத் திறந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பந்தலில் ஒரு புண்ணியவான் போனில் வீடியோ எடுத்து, சோகப் பாட்டு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, 'பகை மறந்த பாசம்' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். இருட்டுவதற்குள் அது மணியாச்சி, விளாத்திகுளம் எல்லாம் சுற்றிவிட்டு, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குள் நுழைந்தது.

மறுநாள் காலையில் சிவனாண்டியைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். மேடையில் சோலைராஜ், டீயோடு. பக்கத்தில் சுந்தரேஸ்வரி, தோளில் பச்சைத் துண்டோடு. அந்தத் துண்டு தோளில் இருந்தால் அவள் செயலாளர், நூல்தமிழ்தான் பேசுவாள். எடுத்துவிட்டால் சம்பந்தக்காரி.

"உறுப்பினர் சிவனாண்டி, காணொளியில் உங்கள் கையில் இருப்பது என்ன?"

"கப்பு, தங்கச்சி."

"இங்கே நான் செயலாளர். கப்பில் இருப்பது என்ன?"

"அழுகையில கவனிக்கலம்மா."

"அழுதவன் குடிக்கலாம் அண்ணாச்சி" என்றார் சோலைராஜ், தன் டீயை ஆற்றியபடி. "ஊதிக் குடிக்க மாட்டான். நீரு ஊதுதீரு. ரெண்டாவது கப்புக்குக் கையும் நீட்டுதீரு."

காளிராஜ் டார்ச் அடித்தார். "கழிவு!"

சிவனாண்டிக்கு மகள் சிரிப்புத்தான் காதில் கேட்டது. மடாரென்று தரையில் விழுந்தார். வழக்கப்படி நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

"ஐயா, சாமி, ஒரு தடவை மன்னிச்சிருங்க. எம் மவ வாழ்க்கை இதுல கெடக்கு."

சோலைராஜ் மனசு இரங்கியவர் மாதிரிக் குனிந்தார். "எந்திரியும். வெலக்கி வைக்கிறது லேசு. நோய்க்கு மூலம் எங்கன்னு பாக்கணும்லா? மனுசன் தானாக் கெடமாட்டான். சரி, ஒம்ம வீட்டுல யாரு டீ போடுதா?"

அப்பாடா என்றிருந்தது சிவனாண்டிக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டார். இந்தக் கேள்வி அவருக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. எத்தனை வரன் வந்து போயிருக்கிறது! பெண்ணுக்குச் சமைக்க வருமா, கைப்பக்குவம் எப்படி என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! மாப்பிள்ளையின் அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்ணைப் பெற்றவன் வாய் சும்மா இருக்குமா? பழகிய தடத்தில் செக்குமாடு மாதிரி நாக்கு கிளம்பிவிட்டது.

"எம் மவ பொன்மணிதான் ஐயா! சின்னதுலருந்தே அவதான். அவ கைக்கு டீ அப்படி வரும்! ஏலக்காய் தட்டிப் போட்டான்னா தெருவே மணக்கும். பக்கத்து வீட்டுக்காரிய எல்லாம் வந்து கேட்டுட்டுப் போவாவ. சம்பந்தி வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் அவதான் போடுவா. ஒரு தடவை குடிச்சிட்டிய, பெறவு விடமாட்டிய!"

சொல்லிவிட்டு, பெருமையோடு சுந்தரேஸ்வரியைப் பார்த்தார்.

சுந்தரேஸ்வரி பச்சைத் துண்டைச் சரிசெய்துகொண்டாள். "ஒருமுறை குடித்தால் விட முடியாது என்று பெற்ற தகப்பனே சாட்சியம் அளித்திருக்கிறார். அண்டை வீட்டாரிடமும் பரப்பியிருக்கிறாள். நாளை என் குடும்பத்திலும் பரப்புவாள் என்கிறார். இதற்குமேல் விசாரணை தேவையில்லை. சிவனாண்டி பாதிக்கப்பட்டவர், அவருக்குப் பொன்னாடை உண்டு. பொன்மணி நஞ்சின் ஊற்று. சங்கத்துக் குடும்பம் எதுவும் அவளோடு சம்பந்தம் வைக்கலாகாது."

சிவனாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் தன் குஞ்சையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

"குடிச்சது நான்லா! என்னைச் செருப்பால அடிங்க, அவளை விட்ருங்க! அவ ஒரு வாரமாத் தொடவே இல்ல!"

"பாத்தியளா மக்களே" என்றார் சோலைராஜ். "கெட்டவன் கெடுத்தவளுக்குப் பரிஞ்சு பேசுதான். டீயோட வேலை இதுதான்."

சுந்தரேஸ்வரி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது.

"எனக்கு மட்டும் சங்கடமில்லையா அண்ணாச்சி? பொண்ணு மூக்கும் முழியுமா எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா செயலாளர் சொன்னதை நான் எப்படி மீற முடியும், சொல்லுங்க?"

வீட்டுக்கு வந்த சிவனாண்டி தீர்ப்பை மறைத்துவிட்டார். சொர்ணத்தாய் கடம்பூரிலிருந்து போளி வாங்கி ஓலைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பொன்மணி புதுப் பட்டுக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்தக் கலரு நல்லாருக்கா?" என்றாள். "நல்லாருக்கும்மா" என்றார். மேடையில் ஆயிரம் சனத்துக்கு முன்னால் அந்தப் பொம்பளை மனசு மாறிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோழை எப்போதும் நாளையைத்தான் நம்புவான்.

மறுநாள் ஆண்டு விழா. முன்வரிசையில் சொர்ணத்தாய், போளிப்பெட்டி, தாம்பூலத் தட்டு. நடுவில் பட்டுச்சேலையில் பொன்மணி. சிவனாண்டியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்து நிச்சயதாம்பூலம்தான் என்று சொர்ணத்தாய் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்போது சுந்தரேஸ்வரி மைக்கில் தீர்ப்பை வாசித்தாள். சிவனாண்டி சொன்னதை எழுத்து மாறாமல், "ஒரு தடவை குடிச்சிட்டிய, பெறவு விடமாட்டிய" என்கிற வரைக்கும் வாசித்தாள். சனம் சிரித்தது. எழுந்த சொர்ணத்தாய் தட்டோடு நின்றாள், உட்காரத் தெரியவில்லை.

பொன்மணி முதலில் அப்பாவைப் பார்த்தாள். அவர் பொன்னாடையின் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுடலைக்குமாரைப் பார்த்தாள். ராத்திரி போனில் பேசும்போது மறுபக்கத்தில் அவன் டீ உறிஞ்சுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும். "அம்மாட்ட சொல்லிராத, ஓசூர் வந்ததும் நீதான் எனக்கு டீ போடணும்" என்று எத்தனை தடவை கொஞ்சியிருப்பான்! அந்த மகராசன் இப்போது மேடையோரத்தில் நாக்கு ஆய்வுக்காகக் காளிராஜுக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான்.

"முதல் தரம்!" என்றார் காளிராஜ்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நாக்கு அங்கேயே கழிவாகியிருக்கும். சொல்லவில்லை. சொல்லி மீட்கிற அளவுக்கு அந்த நாக்கில் ஒன்றுமில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

சோலைராஜ் மைக்கைப் பிடித்தார். "சங்கம் யாரையும் கைவிடாது மக்களே. மருமவளா ஏத்துக்கிட முடியாது, நியாயம். ஆனா அந்தக் கைக்கு ஒரு வேலை குடுக்கலாம். என்னோட விஷமேற்புக்குத் தெனம் மூணு வேளை நல்ல விஷம் போட ஆளில்ல. இப்ப போடுதவன் டீ தண்ணியா இருக்கு. என்னம்மா, நாளையிலருந்து வந்துருதியா?"

சனம் கைதட்டியது. நஞ்சின் ஊற்றுக்கே வாழ்வு கொடுத்த வள்ளல்! சுந்தரேஸ்வரிகூடக் கண்ணைத் துடைத்தாள்.

பொன்மணி எழுந்து நின்றாள்.

"வாரேன். ஆனா டீ வேணும்னா டீன்னு கேளுங்க. விஷம்னு கேட்டா விஷத்தைத்தான் போடுவேன். பருத்திக்கு உங்க கடையில வாங்குன டப்பா எங்க வீட்டு மச்சுல இன்னும் கெடக்கு. பயப்படாதிய, பூச்சியே சாவாத மருந்துன்னு நீங்களே கூட்டத்துல சொன்னியளாம்லா."

தாயின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். போளிப்பெட்டியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

தொண்டர் தலைவருக்கு முன்னால் டீயை வைத்தார். சோலைராஜ் கிளாஸை எடுத்தார், முகர்ந்து பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். "இன்னைக்குச் சாறே குடு" என்றார். பாகற்காய்ச் சாறு ஒரு வாய் போனதும் அவர் முகம் போன போக்கைச் சனம் பார்த்தது. நஞ்சு வெளியேறுகிறது என்று நினைத்து விடாமல் கைதட்டியது.

கடைசி பஸ்ஸில் சிவனாண்டி பொன்னாடையோடு வீடு வந்து சேர்ந்தார்.

காலையில் இஞ்சி தட்டுகிற சத்தத்தில் முழிப்பு வந்தது. வீடு முழுக்க ஏலக்காய் வாசம். விரதம் முடிந்துவிட்டது, சங்கமும் தொலைந்தது, கல்யாணமும் தொலைந்தது; டீயாவது மிஞ்சியதே என்று அந்த மனுசன் எழுந்து வந்து உட்கார்ந்தார். வெட்கம் கெட்ட நாக்கில் எச்சில் ஊறியது.

பொன்மணி அம்மாவுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தாள். தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு முன்னால் ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளைப்பூசணிச் சாறு.

"என்னம்மா இது?"

"குடிங்கப்பா. எங் கல்யாணத்தக் குடுத்து வாங்குன சுத்தம்லா? கெடுத்துரக் கூடாது."

"அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே தாயி..."

"எனக்குத்தான் முடிஞ்சுது. உங்களுக்கு முடியல. நான் இந்த வீட்டுல இருக்க வரைக்கும் தெனம் காலையில இது உண்டு. இனி எங்க போவப்போறேன்? இங்கனதான் இருப்பேன்."

அவள் எதிரில் உட்கார்ந்து, ஊதி ஊதித் தன் டீயைக் குடித்தாள். சிவனாண்டி சொர்ணத்தாயைப் பார்த்தார். அவளும் தன் கிளாஸை ஆற்றிக்கொண்டிருந்தாளே தவிர நிமிரவில்லை. செம்பைத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். குடித்து முடித்ததும், ஒரு வாரப் பழக்கம், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மகள் முன்னால் நாக்கை நீட்டினார்.

பொன்மணி பார்க்கவில்லை. காலிக் கிளாஸை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.